தறிக்காட்டில் ஜால்ரா

ஜனவரி 4, வியாழன்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஜெர்மனிக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆல்பத்தோடு சிறு புத்தகம் ஒன்றும் வைப்பார்களாம். இசையமைப்பாளர் எப்படி யோசித்தார், எப்படி உழைத்தார் என்பதெல்லாம் அதில் வருமாம். ஆகையால் இதைப் படிக்கப்போகும் உலகத்துக்கு என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன்.

பெயர் குப்புராஜ். வயது ஐம்பத்து மூன்று. கோயம்புத்தூர், பாப்பநாயக்கன்பாளையம். இருபத்தாறு வருடங்களாக விளம்பரங்களுக்கு இசை போடுகிறேன். தண்ணீர் மோட்டார், சாம்பார் பொடி, நகைக்கடை, மறுபடியும் தண்ணீர் மோட்டார். இந்த ஊரில் என் மெட்டை முணுமுணுக்காத வாய் கிடையாது. என் பெயர் தெரிந்த வாயும் கிடையாது. மோட்டாரின் பெயரைத்தான் மூன்று தடவை சொல்வார்களே தவிர, மெட்டுப் போட்டவன் பெயரை எவன் சொல்கிறான்?

இப்போது நேரம் வந்திருக்கிறது. ஆல்பத்தின் பெயர் ‘தறிக்காடு’. எட்டுப் பாட்டுகள். சோமனூர் விசைத்தறிகளின் இரைச்சல், ஆனைகட்டி மலையில் இருளர்களின் குழலும் மேளமும், சென்னையிலிருந்து பதினாறு பேர் கொண்ட வயலின் கோஷ்டி, இத்தனைக்கும் அடியில் என் கம்ப்யூட்டரின் எலெக்ட்ரானிக் ஒலிகள். நான்கு நிமிட மாதிரியைக் கேட்டுவிட்டு பெர்லினில் ஒரு சின்ன நிறுவனம் வெளியிட ஒப்புக்கொண்டிருக்கிறது. மார்ச் 15-க்குள் எல்லாம் கைக்கு வரவேண்டும், வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு என்று எழுதியிருக்கிறார்கள். என் பெயர் போட்டு ஒன்று வெளிவர இதுதான் வாய்ப்பு. விட்டால் மறுபடி சாம்பார் பொடிதான்.

மெர்லினிடம் ஒரு நிபந்தனையை இன்றே சொல்லிவிட்டேன். மெர்லின் என் ஒலிப்பதிவாளர். ஏழு வருடமாக என்னிடம் இருக்கிறாள். பதிவு செய்வது அவள் பொறுப்பு. ஆனால் பதிவானதையெல்லாம் ஒன்றாகக் கலந்து, எது தூக்கலாக இருக்கவேண்டும், எது அடங்கியிருக்கவேண்டும் என்று முடிவு செய்யும் மிக்ஸிங் வேலையில் என் கை மட்டும்தான் இருக்கும். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, “சரிங்க சார்” என்று நிறுத்திக்கொண்டாள்.

ஜனவரி 7, ஞாயிறு

இந்த வருடம் கொசு அறவே இல்லை. மாநகராட்சியைத் திட்டத் தெரிந்த நமக்குப் பாராட்டவும் தெரியவேண்டும்.

என் மனைவி கோகிலாவுக்குத்தான் கை கால் எல்லாம் தடிப்பு தடிப்பாக இருக்கிறது. என்ன அலர்ஜியோ. தபால் நிலையத்தில் நாள் முழுக்கப் பசையோடு புழங்குகிறாள், அதுவாக இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 11, வியாழன்

பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். என் ஸ்டுடியோவிலிருந்து மூன்று வாரமாக இடைவிடாமல் கீ, கீ என்று சத்தம் வருகிறதாம். அவர் மாமியாருக்கு மண்டை வலியாம். நான் அப்படி எந்தச் சத்தமும் இல்லை என்று அடித்துச் சொன்னேன். நாங்கள் வாசலில் வாதாடிக்கொண்டிருக்கும்போதே மெர்லின் உள்ளே போய் யூபிஎஸ்ஸின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இசையில் மூழ்கியவனுக்கு மற்ற சத்தம் காதில் விழாது. இது அந்த ஆளுக்கு எங்கே புரியப்போகிறது? ஆனால் மெர்லின் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கே சொன்னேன் சார். நீங்க, ‘நல்லாருக்கு, வச்சுக்கலாம்’னு சொன்னீங்க” என்றாள்.

ஜனவரி 19, வெள்ளி

சென்னை. வயலின், வியோலா, செல்லோ என்று பதினாறு பேர். அவர்களுக்குத் தலைவர் ஐசக். முப்பது வருடம் சினிமாவில் வாசித்தவர், தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கிறார்.

இரண்டாம் பாட்டின் முடிவில் வயலின்கள் உச்ச ஸ்தாயிக்கு ஏறி அங்கேயே நிற்கவேண்டும். நன்றாகத்தான் ஏறினார்கள். உச்சிக்குப் போனதும் வில்லை மட்டும் ஆட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. “வாசியுங்கள் ஐயா, ஏன் நடிக்கிறீர்கள்?” என்று கத்திவிட்டேன். பதினாறு பேரும் மெர்லினைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், இதுக்கு மேல அழுத்தினா தந்தி அறுந்துடும்” என்றார் ஐசக்.

மதியம் ஒரு மணிக்குக் கால்ஷீட் முடிந்ததும் பாதி வரியில் வில்லை இறக்கிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். சினிமாப் பழக்கம். போகட்டும். உச்ச ஒலிகளை மிக்ஸிங்கில் நானே தூக்கிக்கொள்வேன்.

ஜனவரி 27, சனி

ஆனைகட்டி. குழல் ஒருவர், மேளம் இருவர், ஜால்ரா ஒருவர் என்று நான்கு பேர் வரவேண்டும், ஒருவர் குறைந்தாலும் பதிவு கிடையாது, எனக்கு வேறு நாளும் கிடையாது என்று நேற்றே போனில் கறாராகச் சொல்லியிருந்தேன். நான்கு பேரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். கண்டிப்பு இருந்தால்தான் வேலை நடக்கும்.

குழல் வாசிக்கும் நஞ்சன்தான் கோஷ்டிக்குத் தலைவர். முப்பத்தைந்து வயது இருக்கும். வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர். மைக்கைத் தொடும் முன்னால் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“உங்க பேரு எத்தன பெரிசா அட்டையில வருதோ, எங்க பேரும் அத்தன பெரிசா வரோணுமுங் சார்.”

“நாலு பேரையும் அப்படிப் போட்டா அட்டையில எடம் பத்தாதுங்க.”

“அப்ப எல்லாருதையும் சின்னதாப் போட்டுக்கலாமுங்.”

வேறு வழியில்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

குழல் அற்புதம். மேளம் அதைவிட. பிரச்சினை ஜால்ராவில். மனிதர் ஓங்கி ஓங்கித் தட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக, இன்னும் பலமாக என்று ஏழு தடவை எடுத்தேன். இந்த வாழ்க்கையில் எனக்கு யாரும் ஜால்ரா போட்டதில்லை என்பது தெரிந்ததுதான். கூட்டிவந்து உட்காரவைத்த ஆளுமா போடமாட்டார்?

கடைசியில் நஞ்சன் அவர் அருகில் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். எட்டாவது தடவை ஜால்ராக்காரர் எழுந்து நின்று, கையை அகலமாக வீசி, தலையை ஆட்டி ஆட்டி வாசித்தார். அப்பப்பா! வெள்ளி மணி மாதிரி கணீரென்று கேட்டது. “இதுதானய்யா நான் கேட்டது!” என்று அவரைக் கட்டிக்கொண்டு, முந்தைய ஏழையும் மெர்லினிடம் அழிக்கச் சொன்னேன். சொன்னால் வாசிக்கிறார்கள், சொல்லத்தான் ஆள் வேண்டும். மெர்லின் ஏனோ மலையைப் பார்த்தபடி நின்றாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மூன்று பாட்டுகளின் மிக்ஸிங் முடிந்தது. உச்ச ஒலிகளை நன்றாகத் தூக்கிவிட்டேன். முதல் ரசிகை கோகிலா. அவளை உட்காரவைத்து மூன்றாம் பாட்டைப் போட்டேன். அரை நிமிடத்தில் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். உருகிவிட்டாள். எதிர்வீட்டு நாய் பாட்டு முடியும்வரை ஊளையிட்டதாக அவளே சொன்னாள். வாயில்லா ஜீவனையும் அசைக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 10, சனி

சோமனூர். ஒரே கூரைக்கு அடியில் இருபத்து நான்கு தறிகள். ஊடு நூலைச் சுமந்த நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாய்ந்து அடிக்கும் சத்தத்தில் மெர்லின் பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. சொல்லப்போனால் பல மாதங்களுக்குப் பிறகு இன்றுதான் மனிதர்களோடு நிம்மதியாகப் பேசினேன்.

இப்போதெல்லாம் எல்லோருக்கும் வாய்க்குள்ளேயே பேசும் பழக்கம் வந்துவிட்டது. கோகிலா முணுமுணுக்கிறாள், மெர்லின் முணுமுணுக்கிறாள், டிவியில் செய்தி வாசிப்பவர்களும் முணுமுணுக்கிறார்கள். தறிக்காரர்கள் அப்படியில்லை. நேராக முன்னால் வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, கையையும் சேர்த்துக்கொண்டு பேசுகிறார்கள். இரண்டு விரலைக் கத்திரி மாதிரி விரித்தால் நூல் அறுந்துவிட்டது. கட்டை விரலை உதட்டருகே சாய்த்தால் டீ. நெற்றியில் ஒரு கோடு இழுத்தால் முதலாளி வருகிறார்.

தங்கமணி என்ற பெண்மணி இருபத்திரண்டு வருடமாகத் தறி ஓட்டுகிறார். ஒரே ஆள் ஆறு தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். எந்தத் தறி எப்படி அடிக்கும், எது மழை நாளில் முரண்டு பிடிக்கும் என்று முக்கால் மணி நேரம் எனக்கு விளக்கினார். ஒரு வார்த்தை தப்பவில்லை. மெர்லின் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லையாம். சின்ன வயது, காது இருந்து என்ன பயன்?

வெளியே டீ குடிக்கும்போது தங்கமணி என்னிடம் ஒன்று கேட்டார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

அவர் கேட்டதை இங்கே எழுதவேண்டிய அவசியமில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

பெர்லினிலிருந்து பதில். அனுப்பிய ஐந்து பாட்டுகளில் ஒன்றையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்கமுடியவில்லையாம். உச்ச ஒலிகள் ஊசியாகக் குத்துகின்றனவாம். கோப்பில் ஏதேனும் பழுதா, வேறு பிரதி அனுப்பமுடியுமா, 15-ஆம் தேதியை மறந்துவிடவேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள்.

குளிர் தேசத்துக்காரர்கள். சன்னல்களைச் சாத்திக்கொண்டு கம்பளம் விரித்த அறையில் உட்கார்ந்து கேட்டால் அப்படித்தான் இருக்கும். மெர்லினிடம் சொன்னேன். அவள் கீழே பார்த்துக்கொண்டு, “ஆமா சார், கம்பளமா இருக்கும்” என்றாள். அவள் சொன்ன விதத்தைப் பார்த்ததும் தங்கமணி கேட்டது மறுபடி ஞாபகத்துக்கு வந்தது.

பிப்ரவரி 21, புதன்

எழுதிவிடுகிறேன். இந்தப் பக்கத்தை ஜெர்மனிக்கு அனுப்பவேண்டாம்.

அன்றைக்கு டீக்கடையில் தங்கமணி கேட்டது இது: “உங்களுக்கு எத்தன வருசமாச்சுங்க?”

“எதுங்க?”

“காதுங்க. தறிக்குப் புதுசா வாரவங்களுக்கு வாயப் பாத்துப் பேச்சப் புடிக்கறதுக்கே ஒரு வருசமாகும். நீங்க வந்த ஒடனே புடிச்சுட்டீங்க. இதுக்கு முன்னால எந்தத் தறியில இருந்தீங்க?”

தண்ணீர் மோட்டார் விளம்பரத்தில் இருந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“எனக்குப் பத்து வருசமாச்சுங்க. மொதல்ல குருவி போச்சு. அப்புறம் கொசு போச்சு. கடிக்கும், ஆனா வாரது தெரியாது.”

முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருந்த என் சட்டைக் கையை அப்போதுதான் பார்த்தேன். முழங்கை வரை தடிப்பு தடிப்பாக இருந்தது.

பிப்ரவரி 24, சனி

கோகிலாவுக்குத் தெரியாமல் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காது கிளினிக்குக்குப் போனேன். பெயரைச் சொன்னதும் வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “வந்துட்டீங்களா சார்! உங்க வீட்டம்மா மூணு தடவ அப்பாயின்ட்மென்ட் வாங்கி, மூணு தடவையும் கேன்சல் பண்ணிட்டாங்க. உங்களக் கூட்டிட்டு வர்றதுக்கு ஒரு வழியும் அமையலன்னு சொன்னாங்க.”

கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன், அழுத்தினேன், பிறகு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மெஷின் ரிப்பேரா என்று கேட்கத்தான் கதவைத் திறந்தேன். பரிசோதித்த பெண் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். கோடு பாதி தூரம் ஒழுங்காகப் போய், நடுவில் பாறையிலிருந்து குதித்த மாதிரி கீழே விழுந்திருந்தது. கருவி போட்டால் கேட்கும், ஆனால் பழைய காது திரும்பாது, உச்ச ஒலிகளைப் பற்றி உங்கள் காதை நம்பி முடிவு எடுக்காதீர்கள் என்றாள். என் தொழிலை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

கிளினிக்கிலிருந்து போன் போயிருக்கிறது, வீட்டில் கோகிலா வாசலிலேயே நின்றிருந்தாள். ஏன் இதுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எப்படிங்க சொல்றது? இந்த ரெண்டு வருசத்துல காலிங் பெல்லு அடிச்சு நீங்க ஒரு தடவயாச்சும் கதவத் தொறந்திருக்கீங்களா? சொன்னா மெட்டுப் போடறதையே நிறுத்திப்போடுவீங்களோன்னு பயமுங்க” என்றாள். இத்தனை நாள் அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், நான் அவளுக்குப் பசை அலர்ஜி என்று எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 2, சனி

கருவி வந்துவிட்டது, இரண்டு காதுக்கும். செய்தித்தாளைப் புரட்டினால் அப்பளம் நொறுங்குகிறது. என் செருப்பு கீச்சிடுகிறது. கோகிலா ‘ஸ’ சொல்வது காதில் விழுகிறது. வீட்டில் கொசு நிறைய இருக்கிறது. மாநகராட்சிக்குத் தந்த பாராட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

மதியம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து என் மூன்றாம் பாட்டைப் போட்டேன். சரியாகப் பதினொரு விநாடி. கருவிகளைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடிவந்துவிட்டேன். அன்று கோகிலா உருகவில்லை. எதிர்வீட்டு நாய்க்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் போட்டேன்.

மார்ச் 4, திங்கள்

மெர்லினைக் கூப்பிட்டு, மிக்ஸிங்கை நீ செய் என்றேன். இந்த மூன்று வார்த்தையைச் சொல்ல காலையிலிருந்து மதியமாகிவிட்டது.

அவள் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து வைத்தாள். “ஏற்கெனவே பண்ணி வச்சிருக்கேன் சார். காலையில நீங்க வர்றதுக்கு முன்னால உக்காந்து பண்ணினது. திட்டறதுன்னா கேட்டுட்டுத் திட்டுங்க.”

கேட்காமலேயே திட்டினேன். துரோகம் என்றேன், என் முதுகுக்குப் பின்னால் என்றேன், இன்றோடு வேலையை விட்டுப் போய்விடு என்றேன். அவள் பாட்டுக்குப் பொத்தானை அழுத்திவிட்டு நின்றாள்.

தறி ஓடியது. அதற்குள்ளிருந்து குழல் எழுந்தது. வயலின்கள் உச்சிக்கு ஏறி, அங்கேயே நின்று வாசித்தன. பதினாறு பேரும் அன்றைக்கு வாசித்துத்தான் இருக்கிறார்கள். என் மண்டைக்குள் மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஆல்பம் இதுதான். அதை நான் நாசம் செய்துவிட்டேன், இந்தப் பெண் காப்பாற்றியிருக்கிறாள். அழுதேன். இதை ஜெர்மனிக்காரர்கள் தாராளமாக அச்சிடட்டும். மிக்ஸிங் மெர்லின் என்று அட்டையில் போடு, என் பெயர் எழுத்து எத்தனை பெரிசோ அத்தனை பெரிசாகப் போடு என்றேன். இப்போதே ஆறு பெயராகிவிட்டது.

“எட்டாவது பாட்டு மட்டும் முடியல சார்” என்றாள்.

“ஏன்?”

“அத நீங்களே கேளுங்க.”

ஆனைகட்டிப் பதிவில், நான் கட்டித் தழுவிப் பாராட்டிய அந்த எட்டாவது தடவையின் ஜால்ரா மைக்கை மட்டும் தனியாகப் போட்டாள். சட்டை உரசும் சத்தம் வந்தது. மூச்சு வந்தது. தூரத்தில் மேளம். ஜால்ரா இல்லை. ஆரம்பத்துக்குப் போய் ஒலியைக் கூட்டினாள். நஞ்சனின் கிசுகிசுப்பு தெளிவாகக் கேட்டது.

“அண்ணா, சாருக்கு அந்தச் சத்தம் கேக்கறதில்லீங். வீணாக் கை நோக அடிக்காதீங்க. ஆட்டறாப்புல ஆட்டுங்க, போதும்.”

வாசித்த வயலின்காரர்களை நடிக்கிறீர்கள் என்று திட்டினேன். நடித்தவரைக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 8, வெள்ளி

மெர்லினின் ஏழு பாட்டுகளையும் ஒரே நாளில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எட்டாவது வந்தால்தான் ஆல்பம், ஏழு பாட்டை வைத்து வெளியிடமாட்டோம், 15-தான் கடைசி என்கிறார்கள்.

“கம்ப்யூட்டர்லயே ஜால்ரா சத்தம் இருக்கு சார், போட்டுடலாம். யாருக்கும் தெரியாது” என்றாள் மெர்லின். எனக்குத் தெரியும் என்றேன். தவிரவும் ஆனைகட்டிக்காரர்களிடம் நான் நேரில் போய்ச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. வருவார்களா, மாட்டார்களா தெரியவில்லை. போனில் நஞ்சன், “வாங்க சார், பாக்கலாமுங்” என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 10, ஞாயிறு

நஞ்சன் வீட்டு வாசலில் அதே நான்கு பேர். அதே ஜால்ராக்காரர். மெர்லின் மைக்குகளை நிறுத்தினாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சில் ஒரு வரியும் வரவில்லை. காதிலிருந்து ஒரு கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

“எனக்குக் காது சரியாக் கேக்கறதில்லீங்க. ரெண்டு வருசமா. அது தெரியாம உங்களப் பாடாப் படுத்திப்போட்டேன். மன்னிச்சுக்கோங்க. இன்னொரு தடவ வாசிச்சுக் குடுக்கோணும்.”

நஞ்சன் கருவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மழையில் நனையலாமா என்று கேட்டார். கூடாதாம் என்றேன். என் கையில் திருப்பி வைத்துவிட்டு ஜால்ராக்காரரை ஒரு பார்வை பார்த்தார். “செரி, ஆரம்பிக்கலாமுங்” என்று குழலை எடுத்தார்.

கண் மறுபடி ஏமாற்றிவிடக்கூடாது என்று இறுக்கி மூடிக்கொண்டேன். மேளம் இரண்டும் பிடித்துக்கொண்டன. குழல் சேர்ந்தது. பிறகு ஜால்ரா வந்தது. கேட்டது! சன்னமாக, கூராக, ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக. உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்படியே விட்டுவிட்டால் பாட்டு முடிந்துவிடும், புதன்கிழமை அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

நான்காவது சுற்றில் ஜால்ரா அரைத் தட்டு பிந்தியது. கருவியின் கோளாறாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த சுற்றில் முந்தியது. அதற்கடுத்ததில் மேளம் ஒரு பக்கம், ஜால்ரா ஒரு பக்கம். இப்போதுதான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், ஐந்தே நாள் இருக்கிறது, இவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் எல்லாம் போச்சு, வாயை மூடிக்கொண்டிரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சுற்று பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

“நிறுத்துங்க! ஜால்ரா தாளத்துல இல்ல!”

எல்லாம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தேன். நான்கு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். நஞ்சன் முதலில் உதட்டைக் கடித்தார், பிறகு அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். ஜால்ராக்காரர் ஜால்ராவைக் கீழே வைத்துவிட்டு, தப்பித்தோம் என்கிற மாதிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவரு எப்புடிங் சார் தாளத்துல இருப்பாரு? அவரு எங்க ஜீப் டிரைவருங். வாசிக்கிற மாமனுக்கு அன்னைக்குக் காச்சல். ஒருத்தரு கொறஞ்சாலும் பதிவு இல்லைன்னு நீங்க கறாராச் சொல்லிப்போட்டீங்க, வண்டியில வந்தவர உக்கார வச்சுட்டோம்.”

சொல்லிக்கொண்டே வீட்டுப் பக்கம் திரும்பி, வாயருகே கையைக் குவித்துச் சத்தமாகக் கூப்பிட்டார்.

“மாமா! வெளிய வாங்க! சாருக்குக் கேக்குது!”